முடிஞ்சிருச்சு என்று சொன்ன பிறகு

என் கல்யாணப் படத்தில் நான் ஒரு வாழைமரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அடக்கமான மணப்பெண் சிரிப்பு இல்லை அது. மாலை ஒரு பக்கம் சரிந்து, தலை பின்னால் சாய்ந்து, முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து ஊருக்கே தெரியும்படி சிரிக்கிறேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஜப்பான்காரனிடம் அகப்பட்டவர் மாதிரி விறைத்து நிற்கிறார். என் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தப் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வாழைமரத்துக்கிட்ட அப்படி என்னம்மா கண்டீங்க?" என்று கேட்டாள். "படம் எடுத்தவரப் போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அப்போதே ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் நேரான பதில் ஒன்று வந்திருக்காது.

இத்தனை வயதாகியும் அந்த மனிதரைப் பற்றி என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நல்லவர் என்று சொல்ல வாயெடுத்தால் ஒன்று ஞாபகத்துக்கு வந்து தடுக்கிறது. கெட்டவர் என்று நினைத்தால் வேறொன்று வந்து குறுக்கே நிற்கிறது.

மலாக்கா பக்கத்து ஜாசினில், பசாருக்குப் பின்னால் அவர் கடை. எல்லாரும் படக்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த வீடு அவர் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்தது. கீழே என் வீட்டுக்காரரின் தையல் கடை, மேலே நாங்கள். எதிரே போலீஸ் ஸ்டேஷன். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்கம்பி.

ஆள் ஒல்லி. ஒரு கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். விரல் நகமெல்லாம் மருந்துக் கறையில் பழுப்பேறிப் போயிருக்கும். அதனால் கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் கரண்டி கேட்பார். "தொர வந்துட்டாரு, கரண்டி குடுங்கப்பா" என்று பரிமாறுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் துரை மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொள்வார். சைக்கிளில் முக்காலியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். வழியில் நாலு இடத்தில் போலீஸ் நிறுத்தி, கறுப்புத் துணியை உதறிப் பார்த்துத்தான் விடும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒழிக்க வெள்ளைக்காரன் மலாயா முழுக்க அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது; அவர்களுக்குச் சோறு கொடுத்தாலே ஜெயில். கல்யாணம் வைப்பதற்கே முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் பந்தலைக் காலி செய்துவிட வேண்டும்.

அவர் படம் எடுக்கிற விதமே ஒரு பித்தலாட்டம். மணமக்களை நடுவில் உட்காரவைத்து, சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தி, "அசையாதீங்க, மூச்சுகூட விடாதீங்க" என்று அதட்டுவார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் இருப்பார். குழந்தைகள் அழ ஆரம்பிக்கும். கிழவர்களுக்குக் கால் நடுங்கும். அப்புறம் வெளியே வந்து, சோம்பல் முறித்து, "முடிஞ்சிருச்சு" என்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள். ஒருத்தி தலையைச் சொறிவாள். மாமியார்க்காரி மருமகளைத் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். மாப்பிள்ளை முதல்முறையாகப் பெண்ணைப் பார்ப்பான். படக்காரரின் கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கையில் ஒரு ரப்பர் உருண்டை, அதிலிருந்து கேமராவுக்கு ஒரு குழாய். அப்போதுதான் அதை அழுத்துவார். அதற்கு முன்னால் நின்றதெல்லாம் வெறும் நிற்றல்தான்.

ஏன் இப்படி ஏமாற்றுகிறீர்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார்.

"நின்னு காட்டுற மூஞ்சிய நான் என்ன பண்ண? அத ஐ.சி.க்கு வச்சிக்கலாம்லா."

ஐ.சி. படத்திலும் அவரால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்று சட்டம் வந்ததும் தோட்டம் முழுக்க அவர் கடைவாசலில் வரிசை கட்டியது. பழக்க தோஷத்தில் அங்கேயும் "முடிஞ்சிருச்சு" என்று சொல்லி எடுத்துவிட்டார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அட்டையில் அப்பாடா என்று இருப்பார்கள். சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலிடம், "ஐ.சி.யில என்ன சிரிப்பு? சினிமாவா?" என்று கேட்டு அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார். தண்டல் நேரே வந்து படக்காரரைக் கண்டபடி திட்டினார். படக்காரர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான இருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

எடுப்பது இப்படி. எடுத்த பிறகு செய்வது அதற்கு நேர்மாறு. அங்கேதான் எனக்குத் தலை சுற்றும். பிளேடு, பென்சில், தூரிகை மூன்றையும் வைத்துக்கொண்டு நெகட்டிவின் மேல் கவிழ்ந்து நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் நகை இல்லாத பெண்ணுக்கு இரட்டை வடம் போடுவார். ஒழுகுகிற கொட்டகைக்கு நல்ல கூரை போடுவார். முக்கியமாக, முள்வேலி. அந்த வருஷங்களில் தோட்டத்து லயத்து வீடுகள் எல்லாவற்றையும் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். எங்கே நின்று எடுத்தாலும் பின்னால் கம்பி விழும். அதை ஒவ்வொரு இழையாக அழித்து, அந்த இடத்தில் பால்மரமோ மேகமோ போட்டுவிடுவார். இன்றைக்கு அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், அவசரகாலம் என்று ஒன்று நடந்ததற்கே அடையாளம் இருக்காது.

ஆனால் முகத்தில் கை வைக்க மாட்டார். ஒரு மாப்பிள்ளையின் அம்மா படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, பெண்ணைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொன்னாள். பெண் நல்ல கறுப்பு, ஆனால் லட்சணமானவள்.

"சேலைய மாத்தித் தரேன்க்கா. செருப்பு போட்டு விடறேன். மூஞ்சிய தொட மாட்டேன்."

"கம்பிய அழிக்கிறீங்க, மூஞ்சிய அழிக்க முடியாதா?"

"கம்பி வெள்ளக்காரன் போட்டது" என்றார் அவர். அந்த அம்மாள் வேறு கடைக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் சொன்னால் அவர் மேல் பிரியம்தான் வருகிறது. எனக்கும் வருகிறது. அதனால்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்குச் சில மாதம் முன்னால், புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கல்யாணம். சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒருவர் யாரோ ஒருவனுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பதை இவர் எடுத்துவிட்டார். வாங்குகிறவனின் கையும் முதுகும்தான் படத்தில் விழுந்திருந்தன. கொடுக்கிறவரின் முகம் அப்படியே கோயில் சிலை மாதிரி இருந்ததாம். அந்த அழகில் மயங்கி இவர் அதைப் பெரிதாக்கிக் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே! வாங்கியவன் பிச்சைக்காரனா, காட்டுக்குள் இருந்து வந்தவனா, யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் சோறு கொடுத்தவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி கடைவாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். படக்காரர்தான் காட்டிக்கொடுத்தார் என்று பாதி ஊர் சொன்னது. பைத்தியக்காரத்தனம் என்று மீதி ஊர் சொன்னது. இவர் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி உள்ளே வைத்ததோடு சரி.

அப்படிப்பட்டவரை ஏன் என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்கலாம். வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி என் அண்ணன். எனக்கு ஒரே அண்ணன். அப்பா போன பிறகு வீட்டைத் தாங்கியவன் அவன். தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவன். சங்கங்களை மூடி ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது, அவன் எங்கேயோ போய்விட்டான். ஐ.சி. படம் எடுக்கிற காலம் வருவதற்கு முன்பே போய்விட்டதால் அவனுக்கு அதுவும் கிடையாது. பந்து விளையாட்டுக் குழுவோடு எடுத்த படம் ஒன்றிருந்தது. வீட்டைச் சோதனை போட வந்தவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கல்யாணத்தன்று மேளக்காரர்களோடு லாரியில் வந்து இறங்கியவர்களில் தாளம் தட்டுகிற ஒருவன் தலையில் துண்டைக் கட்டிப் பாதி முகத்தை மறைத்திருந்தான். ஆனால் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து நடக்கிற நடை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? தாலி கட்டி முடிந்து படத்துக்கு நின்றோம். அவன் பந்தல்கால் ஓரமாக என்னைப் பார்த்தபடி நின்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். "முடிஞ்சிருச்சு" என்றார் படக்காரர். அவருடைய தந்திரம் எனக்கு மட்டும் தெரியாதா என்ன? தெரியும். இருந்தும் அந்த வார்த்தையைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். அண்ணன் துண்டை விலக்கி, சின்ன வயதில் செய்வது போலக் கண்ணை மாறுகண்ணாக்கிக் காட்டினான். சிரித்துவிட்டேன். பாயசம் பரிமாறுவதற்குள் அவன் போய்விட்டான்.

பத்தாம் நாள் போலீஸ் படக்காரர் கடையில் இருந்த கல்யாண நெகட்டிவ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. யார் யார் எந்தக் கல்யாணத்துக்கு வந்தார்கள் என்று பார்ப்பதற்காம். நான் எதிர் ஸ்டேஷனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எங்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அப்புறம் நெகட்டிவ்கள் கடைக்குத் திரும்பின, படம் வீட்டுக்கு வந்தது. அண்ணன் நின்ற இடத்தில் குலை தள்ளிய வாழைமரம் ஒன்று செழிப்பாக நின்றது. அந்தப் பந்தல்கால் பக்கம் வாழைமரம் கட்டவே இல்லை என்பது எனக்குத் தெரியும். முகத்தைத் தொடாதவர் முதல்முறையாக ஒரு முகத்தைச் சுரண்டியிருந்தார்.

இவ்வளவு செய்தும் அண்ணன் தப்பவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தஞ்சோங் கிளிங் கடற்கரையில், மீன் காயவைக்கிற கொட்டகை ஒன்றில் பிடிபட்டான். கொஞ்ச நாள் உள்ளே வைத்திருந்து, அவன் கண்ணால் பார்த்திராத நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். ஒரே ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாங்கள் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. அம்மா தோட்டத்தை விட்டு என்னோடு வந்து சேர்ந்தாள்.

அம்மா அழுகிறவள் இல்லை. நாலு வருஷம் கழித்து ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் மூஞ்சி எனக்கு மறக்குது தாயி. நடை ஞாபகம் இருக்கு. சத்தம் ஞாபகம் இருக்கு. மூஞ்சி வரமாட்டேங்குது. படக்காரத் தம்பிகிட்ட கேட்டுப் பாரேன், அவரு எடுத்தாரே."

அம்மாவுக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படக்காரர் கடைக்குப் போனேன். அவர் கவிழ்ந்தபடி எவனுக்கோ சட்டைப் பொத்தான் வரைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, எங்கண்ணன் விழுந்த நெகட்டிவ் இருக்கா?"

அவர் நிமிரவில்லை. "முடிஞ்சிருச்சு தங்கச்சி."

"முடிஞ்சிருச்சுன்னா?"

"சொரண்டுனது சொரண்டுனதுதான். அது மேல திரும்பி வராது."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சோறு போட்டவரு மூஞ்சிய பெருசாக்கி போலீஸுக்குக் காட்டத் தெரிஞ்சிச்சு, எங்கண்ணன் மூஞ்சிய மட்டும் சொரண்டிட்டீங்களாக்கும்!" என்று கத்திவிட்டேன். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். பாதி மூடிய கண்ணும் அன்றைக்கு முழுக்கத் திறந்திருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயத் தோலை ஒதுக்கிக்கொண்டு, "அவரு முடிஞ்சிருச்சுன்னு சொன்னா முடியலன்னு அர்த்தம்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு காலையில் அவரே மாடியேறி வந்தார். தஞ்சோங் கிளிங்கில் கல்யாணம், போகிற வழி என்றார். வயிற்றோடு ஒட்டித் தொங்குகிற பெட்டிக் கேமரா ஒன்று கழுத்தில் கிடந்தது. காகிதத்தில் சுற்றிய சட்டம் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார்.

பிரித்தால், என் அண்ணன். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, மீசை, வாய் நிறையச் சிரிப்பு. ஒரு கணம் அவனேதான் என்று நினைத்தேன். அடுத்த கணம் அந்தச் சிரிப்பை அடையாளம் தெரிந்துகொண்டேன். முன்பற்களுக்கு நடுவில் சந்து. அண்ணனுக்குப் பல் நெருக்கமாக, சோளமுத்து மாதிரி இருக்கும். அது என் பல். என் கல்யாணச் சிரிப்பு. என் முகத்தைப் பெரிதாக்கி, மூக்குத்தியை அழித்து, தோட்டை அழித்து, தலைமுடியைக் குறைத்து, மீசை வைத்து ஒரு அண்ணனைச் செய்துவிட்டிருந்தார் அந்த மனிதர். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

அம்மாவுக்குக் கண் மங்கல். கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் போய் நின்று, பல் தெரியாமல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"எம்மவன்" என்றாள் அம்மா.

"முடிஞ்சிருச்சு பெரியம்மா, நான் வரேன்" என்றார் படக்காரர். அவர் கை வயிற்றுப் பக்கம் இருந்ததா, கைப்பிடிச் சுவரில் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரமே அவர் கடை பூட்டிக் கிடந்தது. சிங்கப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். சோறு கொடுத்த புக்கிட் ரம்பாய்க்காரர் விடுதலையாகி வந்துவிட்டார், அதற்குப் பயந்து ஓடினார் என்றார்கள். இல்லை, அவரைப் பார்க்கத்தான் போனார், போய் மன்னிப்புக் கேட்டார் என்றும் ஒருவர் சொன்னார். போலீஸே வேறு ஊரில் கடை வைத்துக் கொடுத்திருக்கிறது என்றார் பசாரில் மீன் விற்பவர், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி. எதை நம்புவது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மலாக்கா பஸ் கண்டக்டர் ஒருவர் தையல் கடையில் ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே, அன்றைக்கு எங்கள் மாடியில் எடுத்த படம் ஒன்று. எழுத்து எதுவும் இல்லை.

என்னிடம் இருக்கிற அவருடைய படங்களில் பிளேடோ பென்சிலோ படாதது அது ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே போலீஸ் ஸ்டேஷன் முள்கம்பி இழை இழையாகத் தெரிகிறது. சுவரில் ஈரக்கறை. அம்மாவின் ரவிக்கைத் தோளில் கிழிசல். எதையும் அவர் அழிக்கவில்லை. நான் உதட்டை மூடிக்கொண்டு, அம்மா கையில் இருக்கிற சட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா சட்டத்தைப் பார்க்கவில்லை. என் மூடிய வாயைப் பார்க்கிறாள். பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தப் படத்தை நான் அம்மாவிடம் காட்டவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஏழெட்டு வருஷம் அம்மா இருந்தாள். தினமும் காலையில் முந்தானையால் அண்ணன் படத்தைத் துடைத்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பாள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அது என் சிரிப்பென்று தெரிந்தேதான் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், முடிஞ்சிருச்சு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.